முதல் பால் தலைக்கு

வறண்ட தலையைக் கண்டால் அந்த அக்காவுக்குக் கை நிற்காது. தெரிந்தவளா, தெரியாதவளா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும், பஸ் மாதனூரைத் தாண்டுவதற்குள் அவளுடைய விரல் அந்தத் தலைக்குள் போயிருக்கும். பின்னலை அவிழ்ப்பாள், வகிட்டைப் பிரித்துப் பார்ப்பாள், உச்சுக் கொட்டுவாள். உட்கார்ந்திருப்பவள் புதுசாக இருந்தால் பயந்து திரும்புவாள். பழகினவள் என்றால் அப்படியே தூங்கிப் போவாள்.

நானும் முதல் நாள் பயந்துதான் போனேன்.

அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். அங்கே டைபாய்டு வந்து படுத்தேன். காய்ச்சல் போனபோது வேலையும் போயிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். செங்கல் சூளை, ஓசூர்ப் பக்கம் பூப் பண்ணை, பிறகு திருப்பூர் என்று ஊர் ஊராகப் போய்ப் பழக்கம். ஓர் இடம் சரிப்படவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், வந்துவிட்டேன். வந்த பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. தலையணையில், சோற்றில், தைக்கிற மெஷின் மேல், எங்கே பார்த்தாலும் என் முடி. வீடு, நகை, உறவு என்று இழப்பதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை. பார்க்கிறவர்கள் நல்லா இருக்கே என்று சொன்னது அந்த முடி ஒன்றைத்தான். அதுவும் போகிறது என்றதும் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தலையைப் பிடித்தது.

"ஏய், திரும்பாத. யார் பெத்த புள்ளடி நீ? இது தலையா, காஞ்ச தென்னமட்டையா?"

"காய்ச்சல் வந்துதுக்கா. அதுலேர்ந்து கொட்டுது."

"எண்ணெ வெச்சு எத்தினி நாளாவுது?"

"வெச்சா இன்னும் ஜாஸ்தியா கொட்டும்னு சொன்னாங்க."

"எவ சொன்னா?"

"ரூம்ல ஒரு பொண்ணு."

"அவளையும் கூட்டிக்கினு வா. ரெண்டு தலைக்கும் சேர்த்து வெக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். சொன்னாள் என்பதுகூடத் தப்பு. அது உத்தரவு.

அவள் வீடு ஒரு லைன் வீட்டில் நடுவில் இருந்தது. வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் ஒரு குழாய், குழாயடியில் சிமெண்டுத் தரை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தரை அவளுடைய ராஜ்யம். கம்பெனிப் பெண்கள் ஆளுக்கொரு தேங்காயோடு வருவார்கள். அவள் துருவி, அம்மியில் நசுக்கி, வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிவாள். முதலில் வருகிற கெட்டிப் பால் தலைக்கு. வெந்நீர் விட்டு இரண்டாவது முறை பிழிகிற பால் குழம்புக்கு. இதை யாராலும் மாற்ற முடியாது. அவள் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வாட்ச்மேன், அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "குழம்பு தண்ணியா இருக்குது" என்று முணுமுணுத்தார்.

"தலைக்குப் போட்டது போக மிச்சந்தான் வவுத்துக்கு."

"என் தலைக்கா போட்ட?"

"உன் தலையில இன்னா இருக்குது போடறதுக்கு? அங்க எப்பவோ அறுப்பு முடிஞ்சு போச்சு."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

பாலை அவள் ஊற்ற மாட்டாள். விரல் நுனியில் தொட்டுத் தொட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, வேரில் வைப்பாள். பிறகு மொத்தமாகக் கோதி உச்சியில் கட்டிவிட்டு வெயிலில் குந்த வைப்பாள். பால் காய்ந்து தலை கனக்கும், ஈ மொய்க்கும். அப்புறம் சீயக்காய் போட்டு அலசுவாள். காய்ந்த முடியைத் தொட்டால் கைக்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மிஞ்சின பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சி எண்ணெயாக இறக்குவாள். அது வார நாட்களுக்கு. அடியில் தங்குகிற பழுப்புக் கசடில் வெல்லத்தைப் போட்டுக் கிளறித் தருவாள். அதைத் தின்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

அந்த லைன் வீட்டில் ஓர் அறை காலியானபோது நான் அங்கேயே குடி வந்துவிட்டேன். மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவை எல்லோரும் பாபி என்போம், உருதுவில் அண்ணி என்று அர்த்தம். பாபிக்கு அக்காவின் வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "முட்டை போடணும் தலைக்கு. முட்டையும் மருதாணியும். தேங்காய் போட்டா சளிதான் புடிக்கும்" என்பார்.

"முட்டை போட்டா கோழிதான் பாபி மொளைக்கும்."

"உன்னோட பேஜார்தான். தண்ணி கம்மியா செலவு பண்ணு."

ஆனாலும் பாபியின் மகள்களுக்கு எண்ணெய் வைக்க அக்காதான் மாடிக்குப் போவாள்.

பாபி சொன்னதிலும் நியாயம் இருந்தது. தேங்காய்ப் பாலில் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா நம்பினாள். ஆகவில்லை. சைனஸ் இருந்த ஒரு பெண் இவள் கையில் தலையைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் லீவு போட்டாள். பொடுகு இருந்த இன்னொருத்திக்கு அது ஜாஸ்தியாகி, கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் எண்ணெயையே தொடாதே என்று சொல்லிவிட்டார் என்று அவள் வந்து சொன்னபோது அக்காவின் முகம் சுருங்கியது. "சரி, டாக்டர் சொன்னா கேட்டுக்க" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "காதுக்குப் பின்னால மட்டும் லேசா வெக்கட்டா?" என்றாள். அதுதான் அவள். என் முடியும் அவள் பாலால்தான் வளர்ந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சலில் கொட்டினது தானாகவே வரும் என்று கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. மொட்டு மொட்டாகப் புது முடி முளைத்தபோது, ஏதோ தன் வயலைப் பார்க்கிற மாதிரி அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்ததை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கம்பெனிக்குள் அவளுடைய இந்தப் பழக்கத்துக்கு இடமே கிடையாது. வெளிர் நிறத் தோலில் ஒரு பொட்டு எண்ணெய் விழுந்தாலும் அந்த ஜோடி ரிஜெக்ட். எண்ணெய் வழிகிற தலையோடு வந்தால் கேட்டிலேயே நிறுத்துவார்கள். தலைக்குத் தொப்பி கட்டாயம். அப்படியும் இடுப்பில் ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலைச் செருகிக்கொண்டுதான் வருவாள். மார்கழியில் எங்கள் பக்கம் குளிர் ஜாஸ்தி. பாட்டிலில் எண்ணெய் நெய் மாதிரி உறைந்துவிடும். பஸ் ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் அவள் இடுப்புச் சூட்டில் அது உருகிவிடும்.

அவளுக்கு டேபிள் வேலை. தைத்து வருகிற மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் லைனிங்கைக் கத்திரிக்கோலால் ஒட்ட வெட்டுகிற வேலை. எனக்கு அவளுக்கு எதிரில் தையல் மெஷின். ஒரு நாள் பேஸ்ட் போடுகிற பெண் ஒருத்தி குனிந்தபோது, பக்கத்தில் இருந்தவளுடைய பிரஷ் அவள் முடியில் பட்டு, நுனி முடி கொத்தாக ஒட்டிக்கொண்டது. ஷூவை ஒட்டுகிற பசை சாமானியத்தில் விடாது. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"கத்திரிக்கோல்தான் இருக்குதே, வெட்டிட்டு வேலையப் பாரும்மா."

அக்கா எழுந்துவிட்டாள். "உங்க பொண்ணு தலையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா சார்?"

"அப்ப இன்னா பண்றது? லைன் நிக்குது."

"லைனை ஓட்டுங்க. சாப்பாட்டு டைம்ல நான் பாத்துக்கறேன்."

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். எண்ணெயை விரலில் எடுத்து, பசையில் தேய்த்து, ஊற விட்டு, ஒவ்வொரு இழையாக உருவினாள். பசை ரப்பர் மாதிரி உருண்டு உருண்டு வந்தது. அவள் சாப்பிடவே இல்லை. மணி அடித்தபோது சோப்பைப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு ஓடினாள். ஏன் இவ்வளவு பாடு, நுனி முடிதானே, வெட்டினால் வளராதா என்று கேட்டேன்.

"லைனிங்னா வெட்டுவேன். முடி மேல கத்திரி வெக்க எனக்குக் கை வராதுடி. விரல் மடங்காது" என்றாள்.

நான் வந்த மூன்றாம் வருஷம் பொங்கல் தாண்டியபோது என் பின்னல் பழையபடி தடித்து இடுப்பைத் தொட்டது. அக்கா பஸ்ஸில் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்கடி, எலி வாலா இருந்தது" என்று விளம்பரம் செய்வாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் பால் வைத்து அலசியிருந்தாள். பால் வைத்த மறு நாள் முடியில் பிடிப்பே இருக்காது. கொண்டை போட்டு, ஊசி குத்தி, மேலே தொப்பியும் போட்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், தைத்துக்கொண்டிருந்த ஒரு துண்டு கீழே விழுந்தது. மெஷினை நிறுத்தாமல் பக்கவாட்டில் குனிந்தேன். கொண்டை தொப்பிக்குள்ளிருந்து அவிழ்ந்து, பின்னல் வழுக்கிக்கொண்டு கீழே சரிந்தது. குனிந்த வேகத்தில் பெடல் மேல் இருந்த என் கால் அழுந்திவிட்டது. மோட்டாரிலிருந்து மெஷின் சக்கரத்தைச் சுழற்றுகிற பெல்ட் ஓடியது. பின்னல் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. யாரோ என் தலையைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரிதான் இருந்தது. காலை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தலை போகிற பக்கமே உடம்பு போனது, கால் இன்னும் அழுந்தியது. காதுக்குப் பின்னால் தோல் சுள்ளென்று கிளம்புவது தெரிந்தது. கத்தினேனா என்று தெரியாது. கத்தினேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

டேபிளைச் சுற்றி வர நேரமில்லை. அக்கா டேபிள் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்தாள். கழுத்தை ஒட்டி இரும்பின் குளிர்ச்சி பட்டது. கரகரவென்று ஒரு சத்தம், ஒரு முறை, இன்னொரு முறை. தலை விடுபட்டது. நான் ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். யாரோ சுவிட்சை அணைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது என் பின்னல் மெஷின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு தொங்கியது. அக்கா கத்திரிக்கோலைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். டேபிளில் கிடந்த, தோல் வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல். அதை அவள் கையிலிருந்து வாங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கம்பெனி நர்ஸ் பார்த்தார். காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு முடி வேரோடு போயிருந்தது, கொஞ்சம் ரத்தம். கழுத்துப் பிடிப்பு. வேறொன்றும் இல்லை. "இன்னும் ரெண்டு செகண்ட் ஆயிருந்தா தலைத்தோல் வந்திருக்கும்மா. தப்பிச்ச" என்றார். நான் தலையைத் தடவிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்தது. தலை அவ்வளவு லேசாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பாப் கட்டிங் நல்லாத்தான் இருக்குது, பார்லருக்குப் போனா துட்டு கேப்பான், அக்கா சும்மா பண்ணிட்டா என்றெல்லாம் பேசிச் சிரித்தார்கள். பயம் தெளியத்தான் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். முன் சீட்டில் ஒருத்தியின் தலை வறண்டு பறந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவள் இல்லை. பெண்கள் தேங்காயோடு வந்து கதவைத் தட்டினார்கள். "இனிமே கெடையாது. பார்லர் இருக்குது, போங்க" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அவள் வீட்டுக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் என்னோடு பேசியதே அதற்கு முன் இரண்டு மூன்று முறைதான் இருக்கும்.

"சாப்பிடவே மாட்டேங்குது. சும்மா குந்திக்கினு விரலை மடக்கி மடக்கிப் பாக்குது. நீ ஒரு வார்த்த சொல்லும்மா."

போனேன். அடுப்பு எரியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ வெட்டலன்னா நான் இன்னிக்கு இங்க நிக்க மாட்டேன்."

"வெட்டினதுக்கு இல்லடி." என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "முந்தின நாள் பால் வெச்சது யாரு? வழவழன்னு ஆக்கினது யாரு? முடிச்சு நிக்கல. நீ பாட்டுக்குக் காஞ்ச தலையோட இருந்திருந்தா கொண்டை கெட்டியா நின்னிருக்கும். உனக்கு நல்லது பண்றேன்னு நாந்தான் உன்ன அந்தப் பெல்ட்டுல கொடுத்தேன்."

"பெடல்ல இருந்தது என் காலுக்கா. மெஷினை நிறுத்தாம குனிஞ்சது நான்."

"தினமுந்தான் குனியற. அன்னிக்கு மட்டும் ஏன் அவுந்துது?"

அவள் சொன்னது பொய்யில்லை. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கம். அந்த வாரம் பையை எடுத்துத் துணியெல்லாம் அடுக்கிவிட்டேன். ஒரகடம் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் கண்ணில் படாமல் போனால் அவளுக்கும் மறந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். நான் போய்விட்டால், அவள் மனசில் நான் எப்போதும் அந்தப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டேதான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேங்காய் வாங்கினேன். பாபியிடம் தேங்காய்த் துருவியை இரவல் வாங்கினேன். எனக்குத் துருவ வராது, பாதிக் கொட்டாங்குச்சியையும் சேர்த்துத் துருவினேன். அம்மியில் நசுக்கி, என் தாவணித் துண்டில் போட்டுப் பிழிந்தேன். அவள் வாசலுக்கு நேராகக் குழாயடியில் உட்கார்ந்து, கிண்ணத்தை அப்படியே தலையில் கவிழ்த்தேன். கண், மூக்கு, வாய் எல்லாம் பால். நார் வேறு. மாடியிலிருந்து பாபி, "அரே, இது இன்னா கூத்து" என்றார்.

கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை பிழிந்து ஊற்றினேன். கண் எரிந்தது.

"கண்ணுல ஊத்திக்கிறியே, அறிவு இருக்குதா?" என்று பின்னால் குரல் கேட்டது.

நான் திரும்பவில்லை.

"இன்னாடி இது, பாலா? அரிசி கழுவின தண்ணி. முதல் பாலோட தண்ணிய ஊத்திப் பிழிஞ்சியா?"

"ஆமாக்கா."

"நாசமாப் போச்சு. கைய எடு."

குந்தினாள். தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். தேங்காய் நாரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். விரல் வேரில் இறங்கியது. உச்சியிலிருந்து ஆரம்பித்து, நெற்றிப்பொட்டு, பிடரி என்று அழுத்தி அழுத்திப் போனாள். வழக்கமாகப் பால் வைக்கிற மாதிரி இல்லை அது, வேறெங்காவது பிய்ந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. காதுக்குப் பின்னால் வெறுமையாக இருந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதைச் சுற்றி ஒரு முறை தடவிப் பார்த்தாள். அவள் விட்ட மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது.

"குத்துதுடி" என்றாள்.

"இன்னாக்கா?"

"இங்க. மொளை வுட்டிருக்குது. விரல்ல குத்துது."

என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். ஆமாம், மூன்று நாள் தாடி மாதிரி சொரசொரவென்று இருந்தது. இரண்டு பேரும் அதையே தடவிக்கொண்டிருந்தோம். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அப்புறம் மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "பாபி, நல்ல தேங்காயா ஒண்ணு இருந்தா குடுங்க. இவ ஒரு தேங்காயக் கொலை பண்ணிட்டா." பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. யாரோ ஒருத்தி, "எங்களுக்கும் உண்டாக்கா?" என்று கேட்டாள். "உண்டு. ஆனா திங்கக்கெழம காலையில ஒருத்தியும் தானா கொண்டை போடக் கூடாது. நான்தான் பின்னுவேன். கயிறு மாதிரி முறுக்கி, நுனியில ரிப்பன் கட்டி, தலையச் சுத்தி நாலு ஊசி. வலிக்குதுன்னு எவளாவது சொன்னா, தேங்காயோட வெளிய போவணும்."

புதுத் தேங்காய் வந்தது. முதல் பாலைப் பிழிந்து, விரலில் தொட்டு என் வகிட்டில் வைத்தாள். முன்பெல்லாம் நீள முடி தடுத்துக்கொள்ளும். இப்போது தடுக்க ஒன்றும் இல்லாததால் பால் குளிர்ச்சியாக நேரே கழுத்தில் இறங்கி முதுகில் ஓடியது. நான் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"வுடு, ஓடட்டும்" என்றாள்.